ஹாலிவுட் கொண்டாடிய ஜப்பான் குதிரை வீரர்... அமெரிக்காவை எதிர்த்தே போரில் மாண்டது எப்படி? யார் இந்த பரோன் நிஷி?

1932ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் போட்டியின் கடைசி நாள். சுமார் ஒரு லட்சம் பேர் கூடியிருந்த அரங்கத்தில், ஜப்பான் ராணுவ அதிகாரி ஒருவர் குதிரையில் ஏறித் தடைகளைத் தாண்டித் தங்கம் வென்றார். மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டியவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். அவர் தோற்கடித்ததும் ஒரு அமெரிக்கரைத்தான்.

அப்படியே 13 ஆண்டுகள் தள்ளிப் போவோம். 1945 மார்ச். பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவு. அதே அதிகாரி, அதே அமெரிக்காவின் படைக்கு எதிராகச் சண்டை போட்டு இறந்து போகிறார். அவர் கையில் இருந்ததாகச் சொல்லப்படும் பொருட்களில் ஒன்று, தன் குதிரையின் பிடரி மயிர்.

இடையில் என்னதான் நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே பார்வையில்:

* பெயர்: டகேயிச்சி நிஷி. உலகம் அழைத்தது 'பரோன் நிஷி' என்று.
* பிறப்பு: 1902 ஜூலை 12, டோக்கியோ.
* சாதனை: 1932 ஒலிம்பிக், ஷோ ஜம்பிங் தனிநபர் பிரிவில் தங்கம்.
* குதிரை: யுரேனஸ்.
* இறப்பு: 1945 மார்ச், இவோ ஜிமா தீவு.

பத்து வயதில் 'பரோன்' ஆன சிறுவன்

'பரோன்' என்பது அவருடைய பெயர் இல்லை, பட்டம். நம்ம ஊர் ஜமீன்தார் பட்டம் மாதிரி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது நிலபுலன் சேர்த்ததற்காக வந்தது அல்ல. அப்பா அரசாங்கத்துக்குச் செய்த வேலைக்காகக் குடும்பத்துக்குக் கிடைத்தது.

அப்பா டோகுஜிரோ நிஷி பெரிய ராஜதந்திரி. ரஷ்யாவில் ஜப்பானின் தூதராக இருந்தவர், வெளியுறவு அமைச்சராகவும் பதவி வகித்தவர். 1900இல் சீனாவில் பாக்ஸர் கலகம் வெடித்து, பெய்ஜிங்கில் வெளிநாட்டுத் தூதரகங்கள் முற்றுகையிடப்பட்டபோது அங்கே சிக்கியிருந்தவர்களில் அவரும் ஒருவர்.

டகேயிச்சி அவருக்கு மூன்றாவது மகன். திருமண உறவுக்கு வெளியே பிறந்தவர். பெற்ற தாயோடு வளரும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அண்ணன்கள் முன்பே இறந்துவிட்டதால், 1912இல் அப்பா கண்ணை மூடியபோது பட்டமும் சொத்தும் இந்தச் சிறுவனிடம் வந்து சேர்ந்தன. அப்போது அவருக்கு வயது பத்துகூட நிறைந்ததா இல்லையா என்கிற நிலை.

கையில் பணம் இருக்கிறது, கண்டிக்க அப்பா இல்லை. இப்படிப்பட்ட பையன் எப்படி வளர்வான் என்று ஊர் கணிக்குமோ, கிட்டத்தட்ட அப்படித்தான் வளர்ந்தார். வேகம் என்றால் உயிர். மோட்டார் சைக்கிள், திறந்த கார், அதோடு குதிரை. தன் காரை நிறுத்திவைத்து, அதன் மேலேயே குதிரையைத் தாண்ட வைத்த அவருடைய புகைப்படம் இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தக் காலத்தில் இருந்திருந்தால் ரீல்ஸில் கலக்கியிருப்பார் போல.

ஆனால் ஒரு விஷயத்தில் விளையாட்டுத்தனம் இல்லை. ராணுவப் பள்ளியில் சேர்ந்து, குதிரைப்படையைத் தேர்ந்தெடுத்து, 1924இல் ராணுவ அகாடமியில் பட்டம் பெற்றார். அதே காலகட்டத்தில் டகேகோ என்பவரைத் திருமணமும் செய்துகொண்டார். பின்னர் மூன்று பிள்ளைகள்.

ராணுவம் வேண்டாம் என்ற குதிரை

1930இல் ஐரோப்பா சென்ற நிஷிக்கு இத்தாலியில் ஒரு குதிரையைப் பற்றித் தகவல் கிடைத்தது. பிரான்ஸில் பிறந்த ஆங்கிலோ நார்மன் வகைக் குதிரை. ஆள் உயரத்துக்கு முதுகு. முரட்டுக் குணம். இதன் மேல் ஏறிச் சவாரி செய்வது சாதாரண ஆளுக்கு முடிகிற காரியம் இல்லை என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லிக்கொண்டிருந்த குதிரை.

நெற்றியில் நட்சத்திரம் போல ஒரு வெள்ளைக் குறி. யுரேனஸ் என்ற பெயர் அதனால்தான் வந்தது என்பார்கள்.

நிஷிக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. ஆனால் ஜப்பான் ராணுவம் பணம் தரவில்லை. ராணுவ அதிகாரிகள் ராணுவக் குதிரையில் போட்டியிடுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். நிஷி என்ன செய்தார் தெரியுமா? சொந்தக் காசைப் போட்டு வாங்கிவிட்டார்.

பிறகு இருவரும் சேர்ந்து ஐரோப்பாவில் பல போட்டிகளில் இறங்கினார்கள். மற்றவர்களுக்கு அடங்காத குதிரை இவரிடம் மட்டும் இசைந்து போனது. உயரமான குதிரைக்கு நீண்ட கால்கள் கொண்ட சவாரிக்காரர் வேண்டும். நிஷி அன்றைய ஜப்பானியர்களில் நல்ல உயரம். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அடக்குவதை விட விட்டுக்கொடுப்பது இந்த விளையாட்டில் அதிகம் பலன் தரும் என்பது. அதைப் புரிந்துகொள்ள, போட்டியே எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஷோ ஜம்பிங்... நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

குதிரை தடை தாண்டும் போட்டிகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. அமெரிக்காவில் இன்றும் இவற்றை 'ஹன்டர்', 'ஜம்பர்' என்று தனித்தனியாக நடத்துகிறார்கள்.

ஹன்டர் வகை வேட்டைக் களத்திலிருந்து வந்தது. நரி வேட்டைக்குப் போகும்போது வேலி, பள்ளம், மதில் என்று வழியில் வருவதையெல்லாம் குதிரை தாண்ட வேண்டும். நாள் முழுக்க ஆளைச் சுமந்து, பதறாமல், ஒரே சீரான நடையில் போகிற குதிரைதான் நல்ல வேட்டைக் குதிரை. அதனால் ஹன்டர் போட்டியில் நடுவர் பார்ப்பது அழகை. குதிரை தாளம் தப்பாமல் ஓடுகிறதா, தடைக்கு முன்னால் சரியான தூரத்தில் எழும்புகிறதா, முன்னங்கால்களை நன்றாக மடக்குகிறதா, முதுகு வில் போல வளைகிறதா, சவாரிக்காரர் இருப்பதே தெரியாத அளவுக்கு அமைதியாக உட்கார்ந்திருக்கிறாரா என்று கவனித்து, பெரும்பாலும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார். வேகமாக முடித்தால் கூடுதல் மார்க் எதுவும் கிடையாது.

ஜம்பர் வகையில், அதாவது ஒலிம்பிக்கில் இருக்கும் ஷோ ஜம்பிங்கில், அழகுக்கு மார்க் இல்லை. கணக்குதான். இன்றைய விதிப்படி ஒரு கட்டை விழுந்தால் 4 புள்ளி அபராதம். குதிரை முதல் முறை தாண்ட மறுத்தால் 4. மறுபடியும் மறுத்தால் வெளியே. குதிரையோ ஆளோ கீழே விழுந்தாலும் வெளியே. குறித்த நேரத்தைத் தாண்டினால் அதற்குத் தனி அபராதம். யாருக்கு அபராதம் குறைவோ அவருக்கே வெற்றி. 1932இல் இந்த எண்கள் கொஞ்சம் வேறுபட்டன. ஆனால் அடிப்படைத் தத்துவம் இதேதான்.

நடுவரின் கண்ணுக்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை அதே 1932 ஒலிம்பிக்கே காட்டியது. டிரஸாஜ் எனப்படும் நடைப்பயிற்சிப் போட்டியில் ஸ்வீடன் வீரர் பெர்டில் சாண்ட்ஸ்ட்ரோம் இரண்டாம் இடத்துக்கு உரிய மதிப்பெண் பெற்றிருந்தார். ஆனால் நாக்கால் சத்தம் எழுப்பிக் குதிரையைத் தூண்டினார் என்று நடுவர் குழு சொல்லி, அவரைக் கடைசி இடத்துக்குத் தள்ளிவிட்டது. அது தன் சேணம் கிறீச்சிட்ட சத்தம் என்று அவர் வாதாடியும் பலனில்லை. ஷோ ஜம்பிங்கில் இந்தச் சிக்கல் குறைவு. கட்டை விழுந்ததா இல்லையா என்பதை அரங்கத்தின் கடைசி வரிசையில் இருப்பவரும் பார்த்துவிடலாம்.

குனிந்து உட்காருவதில் என்ன ரகசியம்?

இங்கே இன்னொரு விஷயம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், மூக்குக்கு நேர் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. தாண்டும் கடைசி நொடியில், எதைத் தாண்டுகிறோம் என்பதே குதிரைக்குச் சரியாகப் புலப்படாது. சற்று முன் பார்த்ததை நினைவில் வைத்து, முதுகில் இருப்பவரை நம்பித்தான் அது எழும்புகிறது. ஐந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு உயிர் அந்த நம்பிக்கையில் காற்றில் பறக்கிறது.

19ஆம் நூற்றாண்டு வரை சவாரிக்காரர்கள் தடை தாண்டும்போது பின்னால் சாய்ந்து, கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பார்கள். குதிரைக்கு வாயிலும் வலி, முதுகிலும் வலி. இது தவறு என்று சொல்லி, முன்னால் குனிந்து, அங்கவடியில் எடையை வைத்து, குதிரையின் கழுத்து நீளும்போது கையையும் கூடவே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மாற்றியவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ கப்ரில்லி. 1868இல் பிறந்து 1907இல் இறந்தவர். அவருடைய முறை இத்தாலியிலிருந்து உலகப் படைகளுக்கெல்லாம் பரவியது. 1932இல் நிஷிக்குக் கடும் போட்டியாக இருந்த அமெரிக்கர் ஹாரி சேம்பர்லின், இத்தாலியின் டோர் டி குயின்டோ பள்ளிக்கே போய் இந்த முறையைக் கற்றவர். நிஷியும் அப்படி முன்னால் குனிந்து சவாரி செய்தவர்தான். யுரேனஸ் போன்ற முரட்டுக் குதிரையோடு அவருக்கு ஒத்துப்போனது இதனால்தான். அது தாண்டும்போது அவர் தடுக்கவில்லை.

1932 ஆகஸ்ட் 14: அந்த ஒரு சுற்று

உலகப் பொருளாதார மந்தநிலை உச்சத்தில் இருந்த நேரம். குதிரையைக் கப்பலில் ஏற்றி அமெரிக்கா கொண்டுவரும் செலவைத் தாங்க பல ஐரோப்பிய நாடுகளால் முடியவில்லை. ஷோ ஜம்பிங்குக்கு வந்தது அமெரிக்கா, ஸ்வீடன், மெக்சிகோ, ஜப்பான் ஆகிய நான்கு நாடுகள். மொத்தம் 11 வீரர்கள். எல்லோரும் ராணுவ அதிகாரிகள். பெண்களுக்கு இந்தப் போட்டியில் அனுமதியே இல்லாத காலம் அது.

ஆள் குறைவு என்பதால் போட்டி சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். தடைகள் அத்தனை கடினம். 11 பேரில் சுற்றை முழுதாக முடித்தவர்களே ஐந்து பேர்தான். மெக்சிகோவின் மூன்று பேரும் வெளியேறினார்கள். அணிப் பதக்கம் வேண்டுமென்றால் ஒரு நாட்டின் மூன்று வீரர்களும் சுற்றை முடிக்க வேண்டும். ஒரு அணியாலும் முடியவில்லை. அதனால் அந்த ஒலிம்பிக்கில் ஷோ ஜம்பிங் அணிப் பதக்கமே யாருக்கும் கொடுக்கப்படவில்லை!

சேம்பர்லின் 'ஷோ கேர்ல்' என்ற குதிரையில் 12 அபராதப் புள்ளிகளோடு முடித்தார். சொந்த மண், சொந்த ரசிகர்கள். அதே ஒலிம்பிக்கில்தான் ஈவென்டிங் எனப்படும் மூன்று கட்டப் போட்டியில் அமெரிக்க அணிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர்களில் அவர் ஒருவர். இன்னொரு தங்கமும் அவருக்கே என்றுதான் அரங்கம் எதிர்பார்த்தது.

நிஷியும் யுரேனஸும் சுற்றை முடித்தபோது கணக்கில் இருந்தது 8 புள்ளிகள். தங்கம் ஜப்பானுக்கு. வெள்ளி சேம்பர்லினுக்கு. 16 புள்ளிகளோடு வெண்கலம் ஸ்வீடனின் கிளாரன்ஸ் வான் ரோசனுக்கு.

பதக்கத்தை விட்டுக் குதிரையைக் காப்பாற்றியவர்

அதே ஒலிம்பிக்கில் ஜப்பானின் இன்னொரு வீரரையும் அமெரிக்கர்கள் மறக்கவில்லை. பெயர் ஷுன்சோ கிடோ. ஈவென்டிங் போட்டியில், நெடுந்தூர ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். குதிரை முற்றிலும் களைத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விரட்டினால் முடித்துவிடலாம், ஆனால் குதிரை உயிரோடு இருக்காது என்று தெரிந்ததும் கிடோ போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

தோற்றவருக்கு நினைவுப் பலகை வைப்பது எங்காவது உண்டா? கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு நகரில், மவுண்ட் ரூபிடோ மலையில் உள்ள நட்புப் பாலத்தில் கிடோவின் செயலைப் பாராட்டி 1934இல் ஒரு பலகை வைத்தார்கள்.

ஒருவர் ஜெயித்துக் கைதட்டல் வாங்கினார், இன்னொருவர் தோற்றுக் கைதட்டல் வாங்கினார். இரண்டுக்கும் காரணம் குதிரையிடம் அவர்கள் நடந்துகொண்ட விதம்.

ஹாலிவுட் தோழன்... ஆனால் காலம் சரியில்லை

வெற்றிக்குப் பிறகு நிஷி லாஸ் ஏஞ்சல்ஸின் செல்லப்பிள்ளை ஆனார். அன்றைய ஹாலிவுட் சூப்பர் ஸ்டார் ஜோடியான டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், மேரி பிக்ஃபோர்ட் ஆகியோரின் நட்பு வட்டத்தில் இடம் கிடைத்தது. விருந்து, கார், சிரிப்பு என்று அமர்க்களம். நல்ல உயரம், நல்ல உடை, தயக்கமில்லாத பேச்சு. 'பரோன் நிஷி' என்ற பெயர் அமெரிக்கப் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அது எந்த மாதிரி காலம் என்பதை. 1924இல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் ஜப்பானியர்கள் குடியேறுவதற்குக் கதவைச் சாத்தியிருந்தது. 1931 செப்டம்பரில் ஜப்பான் ராணுவம் மஞ்சூரியாவுக்குள் புகுந்து, அதன் மீது உலகமே கோபத்தில் இருந்தது. கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே குடியேறியிருந்த ஜப்பானியக் குடும்பங்கள் அன்றாடம் அவமானங்களைச் சந்தித்துக்கொண்டிருந்தன. அவர்களுக்கு நிஷியின் தங்கம் வெறும் விளையாட்டுச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

ஆனால் ஒரு பதக்கம் எவ்வளவு தூரம்தான் தாங்கும்? பத்தே ஆண்டுகளில், 1942இல், அதே அமெரிக்க மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1.2 லட்சம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்.

நடக்காமல் போன டோக்கியோ ஒலிம்பிக்

1936இல் பெர்லின் ஒலிம்பிக். நிஷியும் யுரேனஸும் மறுபடி களம் இறங்கினார்கள். இந்த முறை பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஜப்பானுக்கு வேறொரு மகிழ்ச்சி கிடைத்தது. 1940 ஒலிம்பிக் டோக்கியோவுக்கு வழங்கப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். 1940இல் நிஷிக்கு 38 வயது. குதிரையேற்றத்தில் அது ஒன்றும் ஓய்வு பெறுகிற வயதே இல்லை. பிறந்த ஊரில், சொந்த மக்கள் முன்னால் போட்டியிட்டிருக்கலாம். ஆனால் 1937இல் சீனாவுடன் முழுப்போர் தொடங்கியது. 1938இல் ஒலிம்பிக்கே வேண்டாம் என்று ஜப்பான் அரசு திருப்பிக் கொடுத்துவிட்டது.

நிஷியின் வாழ்க்கையும் அதோடு திசை மாறியது. உலகம் முழுக்கப் படைகளில் குதிரையின் இடத்தை இயந்திரம் பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச காலம் ராணுவக் குதிரைகளைப் பராமரிக்கும் நிர்வாகப் பணியில் இருந்தார். ஆனால் ராணுவம் இனி கேட்கப்போவது டாங்கியை. குதிரைப்படை அதிகாரிகள் பலரைப் போல நிஷியும் டாங்கிப் படைக்கு மாற்றப்பட்டார். அமெரிக்காவில் நண்பர்கள், மேற்கத்தியப் பழக்கவழக்கம், வெளிப்படையான பேச்சு என்று இருந்த ஒருவருக்கு அன்றைய ஜப்பான் ராணுவச் சூழல் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

28 டாங்கிகளோடு மூழ்கிய கப்பல்

1944இல் லெப்டினன்ட் கர்னல் நிஷி, மஞ்சூரியாவில் இருந்த 26வது டாங்கி ரெஜிமெண்டின் தளபதி. பசிபிக் போர் ஜப்பானுக்கு எதிராகத் திரும்பிவிட்ட நேரம். அவருடைய படைக்கு இவோ ஜிமா தீவுக்குப் போகும்படி உத்தரவு வந்தது.

டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 1,200 கிலோமீட்டர் தூரத்தில், அன்று வெறும் 21 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருந்த எரிமலைத் தீவு அது. மண்ணைத் தோண்டினால் கந்தக நாற்றமும் சூடும். குடிநீர் ஊற்று கிடையாது. அமெரிக்காவுக்கு அந்தத் தீவு கிடைத்தால், ஜப்பான் மீது குண்டு வீசப் போகும் விமானங்களுக்கு நடுவழியில் ஒரு தளம் கிடைத்துவிடும்.

1944 ஜூலை 18 அன்று, டாங்கிகளை ஏற்றிச் சென்ற நிஷ்ஷு மாரு என்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் கோபியா தாக்கி மூழ்கடித்தது. ஆட்களில் இருவர்தான் இறந்தார்கள். ஆனால் 28 டாங்கிகள் கடலுக்குள் போய்விட்டன. அந்தக் கோபியா இன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

கடைசி முறையாக லாயத்தில்

டாங்கி இல்லாத டாங்கிப் படைத் தளபதி என்ன செய்வார்? மாற்று டாங்கிகள் கேட்டு நிஷி டோக்கியோ திரும்பினார். அலைந்து திரிந்து 22 டாங்கிகளுக்கு ஏற்பாடானது.

அந்தப் பயணத்தில் அவர் யுரேனஸைப் பார்க்கப் போனார். டோக்கியோவின் செட்டகாயா பகுதியில் உள்ள பாஜி கோயென் குதிரைப் பூங்காவில் அது வயதாகி ஓய்வில் இருந்தது. வயது இருபத்தைந்தை எட்டியிருந்த கிழட்டுக் குதிரை. நிஷியின் காலடிச் சத்தம் கேட்டதும் அது துள்ளியது, கழுத்தை அவர் மேல் உரசியது என்று குடும்பத்தாரும் நண்பர்களும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிடரி மயிரில் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொண்டு அவர் தீவுக்குத் திரும்பினார். மனைவி, பிள்ளைகளைப் பார்த்ததும் அதுவே கடைசி.

தீவிலும் சவாரிக் காலணியும், லாஸ் ஏஞ்சல்ஸில் பிடித்திருந்த சாட்டையுமாக அவர் நடமாடினார் என்பார்கள்.

இவோ ஜிமா: இரு குதிரைப்படைக்காரர்களின் கடைசிக் களம்

தீவின் ஒட்டுமொத்தத் தளபதி ஜெனரல் டடமிச்சி குரிபயாஷி. அவரும் குதிரைப்படைக்காரர்தான். அவரும் அமெரிக்காவில் ராணுவப் பிரதிநிதியாக வாழ்ந்தவர்தான். எதிரியின் தொழிற்சாலைகள் எவ்வளவு பெரியவை என்று கண்ணால் பார்த்த இருவரை, அந்த எதிரியைத் தடுக்கச் சொல்லி ஒரே தீவில் நிறுத்தியிருந்தது ஜப்பான்.

டாங்கியை வேகமாக ஓட்டிப் போய்த் தாக்குவதற்கு அந்தக் கரடுமுரடான மண் இடம் தரவில்லை. அதனால் டாங்கிகளைக் குழி தோண்டிப் புதைத்து, பீரங்கி மட்டும் வெளியே தெரியும்படி வைத்தார்கள். வாழ்நாள் முழுக்க வேகத்தை நேசித்த மனிதரின் கடைசிப் படை, நகரவே முடியாத டாங்கிகள்.

1945 பிப்ரவரி 19 அன்று அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கினார்கள். மார்ச் 26 வரை சண்டை நடந்தது. ஜப்பான் தரப்பில் இருந்த சுமார் 21,000 பேரில் மிகப் பெரும்பாலோர் உயிரிழந்தார்கள். அமெரிக்கத் தரப்பில் சுமார் 6,800 பேர் உயிரிழந்தார்கள். நிஷி இறந்த நாள் பொதுவாக மார்ச் 22 என்று குறிக்கப்படுகிறது. வயது 42. இறந்த பின் கர்னலாகப் பதவி உயர்வு தரப்பட்டது.

அவரிடம் தோற்று வெள்ளி வாங்கிய சேம்பர்லின் என்ன ஆனார்? அவரும் இதே போரில், அமெரிக்கப் படையில் பிரிகேடியர் ஜெனரலாகப் பசிபிக் பகுதியில் பொறுப்பு வகித்தார். உடல்நலம் கெட்டு 1944இல் காலமானார். ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற தங்கமும் வெள்ளியும் ஒரே கடலின் இரு கரைகளில் எதிரிகளாக நின்று, ஆறு மாத இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள்.

யுரேனஸ்? நிஷி இறந்து ஒரு வாரத்துக்குள், அதே மார்ச் மாதக் கடைசியில் டோக்கியோவில் இறந்துபோனது.

ஒலிபெருக்கியில் அழைத்தார்களா? உண்மை என்ன?

நிஷியைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு காட்சி தவறாமல் வரும். அவர் அந்தத் தீவில் இருப்பது தெரிந்து, அமெரிக்கர்கள் ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி அழைத்து, சரணடையும்படி கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் இறந்தார் என்பதுதான் அந்தக் கதை. கேட்கும்போதே மனதை உருக்கும். ஆனால் போருக்குப் பிந்தைய நினைவுகளிலும் கட்டுரைகளிலும் வளர்ந்த கதை இது. இதை உறுதி செய்யும் ஆவணம் எதுவும் இல்லை.

அவர் இறந்த விதமும் அப்படித்தான். சண்டையில் சுடப்பட்டார், கண்ணில் காயம்பட்டுத் தற்கொலை செய்துகொண்டார் என்று பல விதமாகச் சொல்வார்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல உயிரோடு இருந்தவர்கள் மிகக் குறைவு.

2006இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா' படம் பார்த்தவர்களுக்கு நிஷி பாத்திரம் நினைவிருக்கும். சுயோஷி இஹாரா நடித்திருந்தார். அதில் தீவுக்குக் குதிரையோடு வருவதாகக் காட்டுவார்கள். அது சினிமா. யுரேனஸ் அந்தத் தீவில் கால் வைத்ததே இல்லை.

இந்தக் கதைகளை விலக்கிவிட்டுப் பார்த்தால் நிஷி சிறியவராகிவிடுவாரா என்ன? அபராதப் புள்ளிகளின் கணக்கும், மூழ்கிய கப்பலின் தேதியும், ஓய்வில் இருந்த குதிரையைத் தேடிப் போன அந்தப் பயணமும் போதுமானவை.

இன்று என்ன மிச்சம்?

1932க்குப் பிறகு ஜப்பானுக்கு ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் அடுத்த பதக்கம் கிடைக்க 92 ஆண்டுகள் ஆயின. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஈவென்டிங் அணி வெண்கலம் வென்றது. தங்கம் என்று பார்த்தால் இன்று வரை நிஷி வாங்கியது ஒன்றுதான்.

யுரேனஸ் ஓய்வெடுத்த பாஜி கோயென் பூங்காவில் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் டிரஸாஜ் போட்டி நடந்தது. பிறகு, கொரோனாவால் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அங்கேதான் குதிரைகள் தாண்டின. நிஷிக்கு 1940இல் கிடைக்காமல் போன சொந்த ஊர் ஒலிம்பிக், அவர் தன் குதிரையிடம் விடைபெற்ற அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. இந்த முறை ஆண்களும் பெண்களும் ஒரே களத்தில், ஒரே கணக்கில் மோதினார்கள். குதிரையேற்றத்தில் ஆண், பெண் என்று தனிப் பிரிவே கிடையாது. ராணுவ அதிகாரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் எப்போதோ போய்விட்டது.

ஹொக்கைடோ தீவில் உள்ள ஹோன்பெட்சு ஊரின் அருங்காட்சியகத்தில் நிஷி தொடர்பான நினைவுப் பொருட்கள் வைக்கப்பட்டுள்ளன.

நிஷியைத் தியாகி என்று கொண்டாடுபவர்களும் உண்டு. ஆக்கிரமிப்புப் போர் நடத்திய ஒரு படையின் அதிகாரிதானே என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டுமே அவர் வாழ்க்கையில் இருக்கிறது, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க முடியாது. ஆனால் 1932 ஆகஸ்ட் 14 அன்று அந்த அரங்கத்தில் நடுவர்கள் எழுதிய கணக்கில் நாடு, கொடி, பட்டம் எதற்கும் கட்டம் இல்லை. கட்டை விழுந்ததா, குதிரை மறுத்ததா என்று மட்டும்தான் இருந்தது. எதிர்நாட்டுக்காரர் ஜெயித்தார் என்று தெரிந்தும் அந்த ஒரு லட்சம் பேர் கைதட்டினார்கள். பிறகு இரு நாடுகளும் வேறொரு கணக்கைத் தொடங்கின. அதில் சேம்பர்லினும் போனார், நிஷியும் போனார், அவர்கள் பெயர்கூடத் தெரியாத பல லட்சம் பேரும் போனார்கள்.